டையோடு கிராஃபுக்கு முன்னோடி: 1901-லேயே மின்கோடு வரைந்த ஜகதீஷ் சந்திர போஸ் யார்?

திருப்பூர் காதர்பேட்டையில் டிராக் பேன்ட் வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். கலர் பார்ப்போம், சைஸ் பார்ப்போம், கடைசியாக இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்து விடுவோம். நல்ல எலாஸ்டிக் என்றால் சட்டென்று பழைய அளவுக்கு வந்துவிடும். சுமாரான எலாஸ்டிக் கொஞ்சம் தொங்கும். ரொம்ப நாள் குடோனில் கிடந்த சரக்கு என்றால் போன வழியே திரும்பி வராது. அவ்வளவுதான் சோதனை. எவ்வளவு இழுத்தோம், எவ்வளவு திரும்பியது என்பதை ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு போட்டால், அதுவே ஒரு கிராஃப்.

இதே வேலையை உலோகத்திடமும் மின்சாரத்திடமும் செய்து பார்த்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உயிர் உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்றுதான் பள்ளிக்கூடப் பாடம் அவரை நமக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் இன்று எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டரில் வரையும் டையோடு கிராஃபின் தாத்தாவை வரைந்தவரும் அவர்தான். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் அதிகம் வருவதில்லை.

முதலில், அது என்ன கிராஃப்?

இன்ஜினீயரிங் கல்லூரி லேபில் இப்போது சர்க்யூட்டைக் கம்பி வைத்து இணைப்பதற்கு முன், கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான ஸ்பைஸ் இந்த வகைக்கு மூத்தது. அதன் வழியில் வந்த என்ஜி-ஸ்பைஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஐஐடி மும்பையின் ஃபாஸ்ஸீ திட்டத்தில் உருவான இ-சிம் என்ற மென்பொருள், இந்த என்ஜி-ஸ்பைஸைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிறது.

ஒரு டையோடை எடுத்துக்கொள்வோம். அதற்கு 0 வோல்ட்டில் தொடங்கி 1 வோல்ட் வரை, 0.01 வோல்ட்டாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி மென்பொருளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். 101 இடங்களில் எவ்வளவு கரன்ட் ஓடும் என்று அது கணக்குப் போட்டு ஒரு நீளமான எண் பட்டியலைத் தரும். அந்தப் பட்டியலை அப்படியே வாசித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கீழே வோல்ட், பக்கவாட்டில் கரன்ட் என்று வைத்து கிராஃபாக மாற்றும்போதுதான் விஷயம் தெரியும். கோடு முதலில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சிலிக்கான் டையோடு என்றால் 0.6, 0.7 வோல்ட் பக்கம் வந்ததும் விருட்டென்று மேலே ஏறும். அந்தத் திருப்பத்தை முழங்கால் என்பார்கள். மடக்கிய முழங்கால் மாதிரியே இருக்கும்.

சாதாரணக் கம்பிக்கு இப்படி வராது. வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் கரன்டும் இரண்டு மடங்காகும், கோடு நேராகப் போகும். பள்ளியில் படித்த ஓம் விதி அதுதான். அந்த விதிக்கு அடங்காத கோட்டில்தான் ரேடியோ, செல்போன், சார்ஜர் எல்லாமே பிழைக்கின்றன. மென்பொருளும் இல்லாமல், டையோடு என்ற பொருளும் கடையில் கிடைக்காமல், அப்படியொரு கோட்டை கல்கத்தாவில் ஒருவர் வரைந்தது எப்படி?

மாஜிஸ்ட்ரேட் மகன், மீனவர் மகனோடு ஒரே பள்ளியில்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். அந்தப் பதவியில் இருப்பவர்கள் பிள்ளைகளை நேராக இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புவதுதான் அந்தக் கால வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. மகன் முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் தெரிந்துகொள்ளட்டும் என்று வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே வேலைக்காரர் மகனும் மீனவர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றையும் மீனையும் செடிகொடியையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் இயற்கை மேல் தனக்கு ஆசை வரக் காரணம் என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பிறகு கல்கத்தா. புனித சேவியர் கல்லூரியில் பாதிரியார் யூஜின் லஃபோன் இயற்பியல் பாடம் நடத்தினார். சோதனைகளை மாணவர் கண் முன்னால் செய்து காட்டுவதில் பேர்போனவர் அவர். போஸுக்கு அந்த வித்தை ஒட்டிக்கொண்டது.

1880-ல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். ஏற்கெனவே காய்ச்சலில் அடிபட்டிருந்த உடம்பு. பிணவறை நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜின் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே லார்ட் ரேலி அவருக்கு ஆசிரியர். 1884-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

சம்பளம் வாங்காமல் 3 வருடம் வேலை பார்த்தது ஏன்?

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதில் ஒரு முள்ளும் இருந்தது. ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கணக்குப் பார்த்தால், பக்கத்து அறை வெள்ளைக்காரர் 3 ரூபாய் வாங்கினால் இவருக்கு 1 ரூபாய்.

போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி 3 வருடம். வீட்டில் நிலைமை சரியில்லாத நேரம் அது. அப்பா தொடங்கிய தொழில் முயற்சிகள் நஷ்டமாகிக் கடன் கழுத்தை நெரித்தது. இதற்கு நடுவே 1887-ல் அபலா தாஸை மணந்தார். அபலாவுக்கு நம்மூர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1882-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தவர் அவர். உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியாமல் போனது. பிற்காலத்தில் பெண் கல்விக்கும் விதவைகளுக்கும் வங்காளத்தில் அவர் செய்த வேலை தனிக் கதை.

கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. போஸின் பணி நிரந்தரமானது. பழைய 3 வருடத்துக்கும் முழுச் சம்பளம் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

தகர வேலைக்காரர், ரயில்வே டைம் டேபிள், சணல்

1894 நவம்பர் 30. போஸுக்கு அன்று 36-வது பிறந்தநாள். இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார். கல்லூரியில் அவருக்கென்று சோதனைச் சாலை கிடையாது, ஒரு சின்ன அறைதான் இருந்தது. கருவிகளைச் செய்து தர உள்ளூர் தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்தார். பெரும்பாலும் கைக்காசு.

மின்காந்த அலைகள் இருப்பதை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் சில வருடங்களுக்கு முன்புதான் காட்டியிருந்தார். அந்த அலைகள் நீளமானவை. அவற்றை வைத்து ஒளியைப் போலச் சோதனை செய்ய வேண்டுமென்றால் ராட்சதக் கண்ணாடிகளும் பட்டகங்களும் வேண்டும். போஸ் வேறு மாதிரி யோசித்தார். கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதில் அலையைச் சின்னதாக்கினால் என்ன? 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். மொத்தக் கருவியும் ஒரு மேஜை மேல் அடங்கிவிட்டது.

அந்த மேஜையில் இருந்த சாமான்களில் ஒன்று ரயில்வே டைம் டேபிள் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே ஈயத்தகடு வைத்து, அலையின் ஒரு திசை அதிர்வை மட்டும் வடிகட்டும் கருவியாக அதை மாற்றினார். இன்னொன்று சணல். இது திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நூலில் வலப்பக்க முறுக்கு, இடப்பக்க முறுக்கு என்று இரண்டு உண்டு. ஒரே முறுக்கு நூலில் ஓட்டிய பனியன் துணி, துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகக் கோணிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நூலுக்குள் இருந்த முறுக்கு துணியையே திருப்பிவிடுகிறது. போஸ் சணலை ஒரு கட்டு வலப்பக்கமாகவும் இன்னொரு கட்டு இடப்பக்கமாகவும் முறுக்கி, அதன் வழியே அலையை விட்டார். ஒரு கட்டு அலையின் அதிர்வுத் திசையை ஒரு பக்கம் திருப்பியது, மற்றது எதிர்ப்பக்கம் திருப்பியது. சில வகைச் சர்க்கரைக் கரைசல்கள் ஒளியைத் திருப்புவதற்கு அவற்றின் மூலக்கூறுகளின் அமைப்பில் உள்ள முறுக்குதான் காரணமா என்று அன்றைக்கு எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சணலில் ஒரு பெரிய மாதிரியைச் செய்து காட்டிவிட்டார் போஸ்.

கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னாலும் ஒரு சோதனை நடத்தினார். கம்பி இல்லாமல், சுவரைத் தாண்டிப் போன அலை தூரத்தில் இருந்த மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் தன் மேஜைக் கருவியோடு நின்றார். அதே 1896-ல் அவர் வங்காளியில் ஒரு அறிவியல் கதையும் எழுதிப் பரிசு வாங்கினார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கும் கதை!

0.45 வோல்ட்டில் என்ன நடந்தது?

அலையை உண்டாக்கினால் மட்டும் போதாது, வந்து சேர்ந்த அலையைப் பிடிக்கவும் வேண்டும். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த கருவி, இரும்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். அலை பட்டதும் தூள்கள் ஒட்டிக்கொண்டு கரன்டை விடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டால்தான் பழைய நிலைக்கு வரும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் சண்டித்தனம் செய்யும். கல்கத்தாவின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம்.

போஸ் தூளைக் கொட்டிவிட்டார். ஒரு கூர்மையான இரும்பு முனை, அது தொடும் ஒரு இரும்புப் பரப்பு. நடுவே எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதை நுணுக்கமாகத் திருகி மாற்றலாம். இப்போது கொஞ்சம் வோல்ட் கொடு, எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று கால்வனோமீட்டரில் பார், எழுது. இன்னும் கொஞ்சம் கூட்டு, பார், எழுது. மென்பொருள் இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும் அதே படிப்படியான ஓட்டத்தைக் கையால் செய்தார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு கோடு என்று தாளில் ஒரு குடும்பமே வந்தது.

கோடு நேராக இல்லை. ஓம் விதிக்கு அடங்கவில்லை. சுமார் 0.45 வோல்ட் பக்கம் வந்ததும் முழங்கால் மடங்கியது. அந்த இடத்தில் வோல்ட்டை நிறுத்தி வைத்தால்தான் கருவி அலைக்கு மிகக் கூர்மையாகப் பதில் சொல்கிறது என்றும் கண்டார்.

ஏன் அந்த இடம்? மாடிப்படியின் முதல் படியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு அடி வைத்தால் சமதரை, உயரம் அதிகம் குறையாது. முன்னால் ஒரு அடி வைத்தால் கிடுகிடுவென்று ஏறிவிடுவீர்கள். முழங்காலில் நிற்கும் கருவிக்கும் அதே கதை. அலை வந்து வோல்ட்டைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பின்னால் ஆடும்போது கரன்ட் லேசாகக் குறைகிறது, முன்னால் ஆடும்போது நிறைய கூடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒரு லாபம் நிற்கும். அந்த லாபம்தான் சிக்னல். நேர்கோட்டில் நின்றால் போன அளவே திரும்பும், மிச்சம் பூஜ்யம். பின்னாளில் கிரிஸ்டல் ரேடியோ பாடியது இந்தச் சூட்சுமத்தில்தான்.

வோல்ட்டை ஏற்றும்போது வரும் கோட்டோடு போஸ் நிறுத்தவில்லை, இறக்கும்போதும் அளந்தார். சில பொருள்கள் போன வழியே திரும்பின. சில திரும்பவில்லை. காதர்பேட்டை எலாஸ்டிக் மாதிரிதான். சில உலோகங்களில் அலை பட்டால் மின்தடை குறைகிறது, பொட்டாசியம் போன்றவற்றில் கூடுகிறது என்று வகை பிரித்தார். இந்த அளவீடுகள் 1901-ல் பிரிட்டனில் வெளியே வந்தன. உலகம் டிரான்சிஸ்டரைப் பார்க்க இன்னும் 46 வருடம் இருந்தது. 1977-ல் நோபல் பரிசு வாங்கிய நெவில் மாட், போஸ் தன் காலத்தைவிட 60 வருடம் முன்னால் போய்விட்டார் என்று பிற்பாடு மதிப்பிட்டதற்கு இந்த வேலைதான் காரணம்.

காப்புரிமை வாங்கினாரா, இல்லையா?

போஸ் காப்புரிமையே வாங்காதவர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். அது பாதி உண்மை. வாங்கப் பிடிக்காதவர் என்பது சரி. லண்டனில் ஒரு தந்தி நிறுவனத்தின் பெரிய ஆள் காப்புரிமைப் படிவத்தோடு வந்து, லாபத்தில் பங்கு தருகிறேன் என்று கெஞ்சியதையும், தான் மறுத்ததையும் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். பணப் பொறியில் ஒரு தடவை கால் வைத்தால் வெளியே வர முடியாது என்பது அவர் பயம்.

ஆனால் ஒரே ஒரு காப்புரிமை அவர் பெயரில் நிச்சயமாக இருக்கிறது. சகோதரி நிவேதிதாவும் அமெரிக்காவின் சாரா புல்லும் விடாப்பிடியாக வற்புறுத்தியதில், 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. கலீனா என்ற ஈயத் தாதுவை வைத்து மின்காந்த அலையைக் கண்டுபிடிக்கும் கருவி அது. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வார்கள். அதை வைத்து போஸ் ஒரு பைசா சம்பாதிக்க முயலவில்லை.

மார்கோனி கதையும் இங்கேதான் வரும். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த கம்பியில்லாச் செய்தியைப் பிடிக்க மார்கோனி பாதரசம் வைத்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார். இரும்பும் பாதரசமும் சேர்ந்த கருவி ஒன்றைப் பற்றி போஸ் 1899-லேயே ராயல் சொசைட்டி வெளியீட்டில் எழுதியிருந்தார். மார்கோனி கையில் இருந்ததன் மூலம் போஸின் கண்டுபிடிப்புதான் என்று 1998-ல் ஐ.இ.இ.இ ஆய்விதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. 1909 நோபல் பரிசு மார்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. ரேடியோவையே போஸிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று சொல்வது மிகை. கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக்கியது மார்கோனிதான். போஸுக்கு அந்தத் தொழிலில் ஆசையே இருக்கவில்லை. ஆனால் அவருடைய கருவிக்கு உரிய பெயர் அவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

கருவி களைத்துப்போனது, கதை திரும்பியது

இவ்வளவு தூரம் வந்தவர் ஏன் ரேடியோவை விட்டுவிட்டுச் செடிப் பக்கம் போனார்? அதற்கும் ஒரு கிராஃப்தான் காரணம்.

அலையைப் பிடிக்கும் கருவியைத் தொடர்ந்து ஓட்டினால் அது மந்தமாகிவிடுவதை போஸ் கவனித்தார். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் பழைய சுறுசுறுப்பு திரும்புகிறது. அளவுகளைக் கோடாக வரைந்து பார்த்தார். தொடர்ந்து வேலை வாங்கிய தசை களைத்துப்போகும் கோட்டைப் போலவே இருந்தது. உலோகத்துக்கும் தசைக்கும் ஒரே மாதிரிக் கோடா? அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செடிக்கு?

1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் இதைப் பேசினார். 1901-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். உடலியல் துறையின் பெரிய தலையான பர்டன் சாண்டர்சன் மறித்தார். உயிருள்ள தசைக்குச் சொல்லும் வார்த்தையைச் செடிக்குத் தலைப்பில் வைக்கக்கூடாது, மாற்ற வேண்டும் என்றார். இயற்பியல்காரர் இந்தப் பக்கம் வந்ததே அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. போஸ் ஒரு சொல்லைக்கூட மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சாகாமல் கிடப்பில் போனது. 1902-ல் லின்னியன் சொசைட்டி அவருடைய செடி ஆய்வை வெளியிட்டது. அதே வருடம் அவர் தன் முடிவுகளை முழுப் புத்தகமாகவே கொண்டுவந்தார். வெளிநாட்டில் தங்கி இந்தச் சண்டையை நடத்தக் கையில் பணம் இல்லாத நேரத்தில், திரிபுரா மகாராஜாவிடம் பேசி உதவி வாங்கிக் கொடுத்தவர் தாகூர்.

புகை படிந்த கண்ணாடி: தானே கிராஃப் வரையும் இயந்திரம்

எதிர்ப்பாளர்களின் முக்கியமான கேள்வி இதுதான்: செடியின் அசைவை அளப்பது யார்? மனிதக் கண். மனிதக் கை. ஆசை இருந்தால் கண் ஏமாறும்.

அப்படியென்றால் செடியே தன் கிராஃபை வரையட்டும் என்றார் போஸ். அங்கே இன்னொரு சிக்கல் வந்தது. இலை அசைவதில் இருக்கும் விசை மிகச் சொற்பம். எழுதும் முள்ளைக் கண்ணாடியில் உரசவிட்டால் அந்த உராய்வே அசைவை விழுங்கிவிடும். இதற்கு அவர் கண்ட தீர்வு அழகானது. முள் உரசவே கூடாது. ஒரு மின்காந்தம் அந்த மெல்லிய முள்ளைச் சீரான வேகத்தில் அதிர வைக்கும். புகை படிந்த கண்ணாடித் தட்டில் முள் தொட்டுத் தொட்டு விலகும். தொட்ட இடமெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி. முள் ஒரு நொடிக்கு 100 முறை அதிர்ந்தால், இரண்டு புள்ளிக்கு நடுவே இருப்பது நொடியில் 100-ல் ஒரு பங்கு. உராய்வும் போயிற்று, நேரத்தை அளக்கத் தனிக் கடிகாரமும் தேவைப்படவில்லை.

தொட்டாற்சுருங்கியும், இலைகள் தானாக ஆடும் தொழுகண்ணியும் அந்தக் கண்ணாடியில் கையெழுத்துப் போட்டன. அடுத்து வந்த கிரெஸ்கோகிராஃப், செடி வளர்வதை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. காந்தம் வைத்த பிந்தைய கருவி அதையும் பல மடங்கு தாண்டியது. நம்ப மறுத்தவர்கள் லண்டனில் மறுபடி கிளம்பினார்கள். 1920-ல் விஞ்ஞானிகள் குழு ஒன்று முன்னால் உட்கார்ந்து பார்த்து, கருவி வளர்ச்சியைச் சரியாகத்தான் காட்டுகிறது என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தது. அதே வருடம் போஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அதற்கு 3 வருடம் முன்பு, 1917 நவம்பர் 30 அன்று, தன் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்திருந்தார். அங்கே கண்டுபிடிப்பது எதற்கும் காப்புரிமை எடுக்கக்கூடாது, எல்லாம் பொதுச்சொத்து என்று அறிவித்தார். அதே 1917-ல் சர் பட்டம் வந்தது. 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் இறந்தார். ஒரு வாரம் இருந்திருந்தால் வயது 79.

எங்கே தவறினார்?

போஸின் கோடுகள் நின்றன. அந்தக் கோடுகளுக்கு அவர் சொன்ன அர்த்தம் எல்லாம் நிற்கவில்லை. மரத்தின் தண்டுக்குள் இருக்கும் செல்கள் இதயம் மாதிரித் துடித்துத்தான் நீரை மேலே ஏற்றுகின்றன என்று 1920-களில் எழுதினார். தாவரவியல் அதை ஏற்கவில்லை. இலையில் ஆவியாகும் நீர் மேலிருந்து இழுப்பதே முக்கியக் காரணம் என்பதுதான் இன்றைய பாடம். செடிக்கு மனிதரைப் போல நரம்பு மண்டலம் உண்டு என்ற அளவுக்குப் போனதையும் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சிக்னல்கள் ஓடுகின்றன என்ற அடிப்படை விஷயத்தில் அவர் சரி. இன்று அது பலர் வேலை செய்யும் தனித் துறை.

இரண்டு கோடுகள் ஒரே வடிவத்தில் இருப்பதாலேயே இரண்டுக்கும் காரணம் ஒன்றாகிவிடாது. தகரத் துண்டும் தசையும் ஒரே மாதிரிக் களைக்கலாம், உள்ளே நடப்பது வேறு வேறாக இருக்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கம் தப்பாகலாம் என்பதற்கு போஸின் வாழ்க்கையே நல்ல உதாரணம். அவர் அளவுகளைக் கண்ணாடியிலும் தாளிலும் விட்டுப்போனதால்தான், பிறகு வந்தவர்களால் எது சரி, எது தப்பு என்று பிரிக்க முடிந்தது.

இன்றைக்கு நமக்கு என்ன?

போஸ் மேஜையில் விளையாடிய 60 கிகாஹெர்ட்ஸில் இன்று அதிவேக வைஃபை ஓடுகிறது. 2022-ல் மத்திய அரசு 5ஜி-க்கு ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸும் இதே மில்லிமீட்டர் அலைக் குடும்பம்தான். 2012-ல் ஐ.இ.இ.இ அமைப்பு அவருடைய அலைச் சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்தது.

மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. மென்பொருளில் வரும் டையோடு கோடு வழவழவென்று இருக்கும். காரணம், அது டையோடின் கோடு அல்ல, டையோடு பற்றிய சமன்பாட்டின் கோடு. அந்தச் சமன்பாட்டின்படி சாதாரண வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட் கூடினால் கரன்ட் 10 மடங்காகும். அதனால்தான் சாதாரண அளவுகோலில் வரைந்தால் 0.4 வோல்ட்டில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரிகிறது. கரன்ட் அச்சை மடக்கை அளவுக்கு மாற்றிப் பாருங்கள், முழங்கால் காணாமல் போய், கோடு கிட்டத்தட்ட நேராகிவிடும். 0.4 வோல்ட்டிலும் கரன்ட் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாம் தேர்ந்தெடுத்த அச்சு அதை மறைத்துவிட்டது. சூடு ஏறினால் என்ன, பாகம் பழசானால் என்ன என்பதை நாம் சொல்லிக் கொடுத்தால் தவிர மென்பொருள் யோசிக்காது. திரையில் ஓடிய சர்க்யூட் போர்டில் புகைவதற்குப் பல நேரம் இந்த இடைவெளிதான் காரணம்.

போஸிடம் சமன்பாடு இல்லை. அவரிடம் இருந்தது இரும்பு முனை, ஒரு திருகு, பொறுமை. அதனால் அவர் கோட்டில் இரும்பு என்ன செய்ததோ அது இருந்தது.

திருப்பூரில் தையல் மெஷின் மோட்டார் போர்டு பழுது பார்ப்பவர் மல்டிமீட்டரை டையோடு சோதனைக்குத் திருப்பி, இரண்டு முனைகளையும் பாகத்தின் மேல் வைக்கும்போது திரையில் 0.55 என்றோ 0.6 என்றோ ஒரு எண் வரும். முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் வராது. பாகம் நல்லது, அடுத்ததைப் பார் என்று நகர்ந்துவிடுவார். அந்த எண், போஸ் வரைந்த மாதிரி ஒரு கோட்டின் மேல் இருக்கும் ஒற்றைப் புள்ளி.